தானமாக வந்த மாட்டின் பல்

எங்கள் மன்றத்தின் இணையதளத்தை எங்கே வைப்பது என்ற பஞ்சாயத்து ஒருவழியாக முடிந்துவிட்டது. தளம் ஓடுகிறது, டியூஷன் நேரம் அதில் இருக்கிறது, வரவு செலவுக் கணக்கு இருக்கிறது, யாரும் குறை சொல்லவில்லை. ஆனாலும் அந்த விஷயத்தில் ஒருவரைப் பார்த்து "வேணாம்ணா" என்று சொன்னது மட்டும் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. கேட்டு வருகிறவரை மறுப்பது எனக்குப் பழக்கம்தான். பாரிமுனையில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன், நாள் முழுக்க அதுதான் வேலை. கொடுக்க வருகிறவரை மறுப்பது வேறு. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று காலங்காலமாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். நான் பார்த்தேன். பார்த்தது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அப்புறம் ஏன் உறுத்துகிறது என்பதைத்தான் எழுதிப் பார்க்கிறேன்.

வியாசர்பாடியில் எங்களைப் போன்ற நற்பணி மன்றங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. சாயந்திரம் டியூஷன், வருஷத்துக்கு ஒரு ரத்ததான முகாம், பொங்கலுக்கு விளையாட்டுப் போட்டி, பொடிசுகளுக்கு ஃபுட்பால் பயிற்சி, பெருமழை வந்தால் சாப்பாட்டுப் பொட்டலம். 1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்திருக்கிறோம். ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் தொடங்கிவிடலாம், அதை நடத்துவதற்கு ஏழு பேர் கிடைப்பதுதான் கஷ்டம். சம்பளம் யாருக்கும் கிடையாது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் வருகிறவர்கள் இருபத்தைந்துக்குள் கிளம்பிவிடுவார்கள். வேலை கிடைக்கும், கல்யாணம் ஆகும், இல்லையென்றால் குடும்பத்தோடு பெரும்பாக்கத்துக்கு மாற்றிவிடுவார்கள். இளைஞர் மன்றம் என்றால் அப்படித்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும். நாற்பதை நெருங்கியும் ஒட்டிக்கொண்டிருக்கும் என்னைப் போன்றவர்கள்தான் விதிவிலக்கு.

அப்படிக் கிளம்பியவர்களில் ஒருவர்தான் நான் சொல்லும் அண்ணன். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் நல்ல வேலை, மேடவாக்கத்தில் வீடு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் பக்கம் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது, யார் வீட்டில் பால் பவுடர் வேண்டும், எந்த மாடியில் வயதானவர்கள் மாட்டியிருக்கிறார்கள் என்று ஒரு பக்கத்தை ராத்திரியோடு ராத்திரியாக உருவாக்கி ஏற்றியவர் அவர். தண்ணீர் வடிந்த பிறகு அதுவே மன்றத்தின் இணையதளம் ஆனது. அவருடைய சர்வரில், அவருடைய முகவரிக்குக் கீழே ஒரு கிளையாக, இத்தனை வருஷமாக ஓடியது. ஒரு பைசா வாங்கியதில்லை.

போன வருஷம் எங்களுக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்க முன்வந்த ஒரு அலுவலகம் படிவம் நீட்டியது. அதில் இணையதள முகவரி என்று ஒரு கட்டம். அண்ணன் பெயரில் உள்ள முகவரியை எழுதினால், 'இது தனிநபர் தளமா?' என்று கேட்டார்கள். இன்ஸ்டாகிராம் பக்கம் போதாதா என்று பையன்கள் கேட்டார்கள். போதாது. கணக்கு லாகின் கேட்கிற இடத்தில் வரவு செலவு அறிக்கையை வைக்க முடியாது, விஷயம் அவ்வளவுதான். புதிதாக ஒன்று வேண்டும் என்று முடிவானதும் அண்ணனுக்குத் தகவல் போனது. உடனே போன் வந்தது. "டொமைன், சர்வர் எல்லாம் நான் பார்த்துக்கறேன். புது வி.பி.எஸ். எடுத்திருக்கேன், நம்ம சைட்டு ஒரு மூலையில கிடக்கும். நீங்க காசு கீசுன்னு அலைய வேணாம்." டொமைன் என்றால் தளத்தின் முகவரி, சர்வர் என்றால் தளம் குடியிருக்கும் கணினி, வி.பி.எஸ். என்றால் வாடகைக்கு எடுக்கும் சர்வர். குழுவில் எல்லோரும் கைகூப்பும் எமோஜி போட்டார்கள். நானும் போட்டேன்.

சின்ன எழுத்து

அதற்கு முன்பே பையன்கள், தளம் வைக்க இடம் வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங் கம்பெனிகளின் விளம்பரங்களைப் பார்த்து ஒரு பட்டியல் தயாரித்து வைத்திருந்தார்கள். மாதம் இவ்வளவுதான், டொமைன் இலவசம், எல்லாமே அன்லிமிடெட். எனக்கு கோடு எழுதத் தெரியாது, ஆனால் பில் படிக்கத் தெரியும். ஒரு பேச்சுக்கு மாதம் ₹99 என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது மாதா மாதம் கட்டுகிற ₹99 அல்ல. மூன்று வருஷத்துப் பணத்தை முன்கூட்டியே கட்டினால்தான் அந்த விலை. 36 மாதத்துக்கு ₹3,564, அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ₹641.52, ஆக மொத்தம் ₹4,205.52. இது முதல் தடவை விலை. புதுப்பிக்கும்போது என்ன விலை என்பது அதே பக்கத்தில், சாம்பல் நிறத்தில், விரலால் பெரிதாக்கிப் பார்க்க வேண்டிய அளவில் இருக்கும். பல இடங்களில் அது முதல் விலையைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. மூன்று வருஷம் கழித்து அந்த பில் வரும்போது, இன்று பட்டியல் போட்ட பையன்களில் யார் இருப்பார்கள்? இலவச டொமைனும் முதல் வருஷத்துக்கு மட்டும்தான். பணம் கட்டும் பக்கத்துக்குப் போனால் பாதுகாப்பு, பேக்கப், மெயில் என்று நாம் கேட்காத சாமான்களும் கூடையில் ஏறியிருக்கும், ஒவ்வொன்றாக இறக்க வேண்டும்.

அன்லிமிடெட் என்பதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. இடத்துக்கு வரம்பில்லை என்பார்கள், ஆனால் எத்தனை கோப்புகள் வைக்கலாம் என்பதற்கு வரம்பு இருக்கும். நிபந்தனைகள் பக்கத்தில் ஐநோடு என்ற பெயரில் ஒளிந்திருக்கும். எங்கள் பொங்கல் விழாவுக்குப் போன் வைத்திருக்கிற அத்தனை பேரும் படம் எடுப்பார்கள், அத்தனையும் தளத்தில் வர வேண்டும் என்பார்கள். தளம் நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸில் ஒரு படத்தை ஏற்றினால் அது ஒரே கோப்பாக நிற்காது. சின்னது, நடுத்தரம், பெரியது என்று தானே ஐந்தாறு அளவுகளில் வெட்டி வைத்துக்கொள்ளும். நாலு பொங்கல் போனால் அந்த வரம்பை எட்டிவிடுவோம். அதன் பிறகு மேலே உள்ள திட்டத்துக்கு மாறச் சொல்லி மெயில் வரும்.

இதையெல்லாம்விட எங்களைப் போன்றவர்களுக்கு உண்மையான முட்டுக்கட்டை பணம் கட்டுவதில்தான். சங்கத்தின் வங்கிக் கணக்கு செயலாளரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு இயக்குவது. அதற்கு டெபிட் கார்டு கிடையாது, செக் புத்தகம்தான். ஹோஸ்டிங் கம்பெனி செக் வாங்குமா? ஆக யாராவது ஒருவர் சொந்தக் கார்டில் கட்டிவிட்டு வவுச்சர் எழுதி மன்றத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கார்டு யாருடையதோ, கணக்கும் அவருடையதாகவே ஆகிவிடும். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று நம்பி உட்கார்ந்திருக்கவும் முடியாது. 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதிப்படி, கார்டில் தானாகப் பணம் எடுக்க நம் சம்மதம் முறைப்படி பதிவாகியிருக்க வேண்டும், எடுப்பதற்கு ஒரு நாள் முன்னால் தகவல் வர வேண்டும். நல்ல விதிதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குத் தயாராக இல்லாத வெளிநாட்டுக் கம்பெனிகளில் புதுப்பித்தல் சத்தமில்லாமல் தோற்றுப்போகும். போய்ச் சேரும் மெயிலும் எப்போதோ மன்றத்தில் இருந்த யாரோ ஒருவருக்குப் போகும்.

இந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்த்தபோது அண்ணன் சொன்னது இன்னும் இனித்தது. நானே கூட்டத்தில் அதற்குப் பரிந்து பேசினேன்.

நோட்டின் பின்னட்டை

ஜூன் மாதம் பள்ளி திறந்த சமயம். டியூஷனில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி புது நோட்டு வைத்திருந்தாள். எங்கள் நோட்டு இல்லை, கொஞ்சம் தள்ளி இருக்கும் இன்னொரு மன்றம் கொடுத்தது. போன வருஷத்து மிச்சமாம். பின்னட்டையில் தலைவர் படம், மரம் வளர்ப்போம் என்ற வாசகம், கீழே ஒரு கியூ.ஆர். கட்டம், 'மேலும் விவரங்களுக்கு' என்று. பெருக்கல் வாய்ப்பாடு அச்சடித்திருக்கும் இடத்தில் அதைப் போட்டிருந்தார்கள். அம்மாவின் போன் அவள் கையில் இருந்தது. பிள்ளைகளுக்கு கியூ.ஆர். கட்டத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஸ்கேன் செய்தாள். "அக்கா, இது என்னக்கா?" என்று என்னிடம் நீட்டினாள்.

சிவப்பும் தங்கமுமாக ஒரு பக்கம். சீட்டுக்கட்டு சுழல்கிறது, காசு கொட்டுகிறது, இப்போதே சேர்ந்தால் போனஸ் என்று தமிழிலேயே எழுதியிருக்கிறது. மேலே முகவரியைப் பார்த்தேன். அந்த மன்றத்தின் பெயர்தான், ஒரு எழுத்து மாறவில்லை. ஆன்லைன் சூதாட்டத்தில் கடன்பட்டுத் தூக்கில் தொங்கியவர்கள் கதை நம் எல்லோருக்கும் தெரியும், 2023-இல் அதற்கென்று இங்கே தனிச்சட்டமே வந்தது. அந்தப் பெண்ணின் அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார், அவர் போனில் இதே மாதிரி ஒரு செயலி இருந்து வீட்டில் சண்டை நடந்தது எங்கள் தெருவுக்கே தெரியும். போனை வாங்கிப் பக்கத்தை மூடினேன். பின்னட்டையில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிக் கொடுத்தேன். மற்ற நோட்டுகள் எத்தனை வீட்டில் இருக்கின்றனவோ.

அந்த மன்றத்தின் செயலாளர் எனக்குத் தெரிந்தவர்தான். விசாரித்தேன். யாரும் எந்தக் கெடுதலும் செய்யவில்லை. அவர்களிடமும் ஒரு அண்ணன் இருந்தார். அவரும் அன்பளிப்பாகத்தான் டொமைன் வாங்கிக் கொடுத்தார். வளைகுடாவுக்கு வேலைக்குப் போனார், இங்கே இருந்த சிம்மை விட்டுவிட்டார், கார்டு காலாவதியானது. எச்சரிக்கை மெயில்கள் கல்லூரிக் காலத்து மெயிலுக்குப் போயிருக்கின்றன. இத்தனைக்கும் .காம், .ஓஆர்ஜி போன்ற முகவரிகள் தேதி முடிந்த மறுநாளே பறிபோவதில்லை. முடிந்த பிறகு பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரணக் கட்டணத்திலேயே புதுப்பிக்க வழி உண்டு. அதைத் தாண்டினால் 30 நாள் மீட்புக் காலம், அப்போது தண்டமாகப் பெரிய தொகை கேட்பார்கள். அதற்கப்புறம் ஐந்து நாள் கழித்துத்தான் சந்தைக்கு வரும். வந்த நொடியில் அள்ளிக்கொள்வதற்கென்றே மென்பொருள் வைத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் உண்டு. பழைய இணைப்புகள் உள்ள முகவரி என்றால் அவர்களுக்கு இன்னும் வசதி. அவ்வளவு அவகாசம் இருந்தும், அவகாசம் இருக்கிறது என்பதே அந்த மன்றத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தவர் கொடுத்தவர் மட்டும்தான், அவர் ஷார்ஜாவில் இருந்தார்.

அன்று ராத்திரி எங்கள் குழுவில் ஒரு செய்தி போட்டேன். டொமைன் விஷயத்தை ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள், அண்ணனை நேரில் பார்த்துவிட்டு வருகிறேன்.

நாலாவது கேள்வி

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அம்மாவைப் பார்க்க வியாசர்பாடிக்கு வருவார். அங்கேயே போனேன். அம்மா டீ போட்டுக் கொடுத்து, உள்ளறையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார், பேச்சு காதில் விழும் தூரம்தான். நான் நாலு விஷயம் எழுதி எடுத்துப் போயிருந்தேன்.

டொமைன் மன்றத்தின் பெயரில், மன்றத்தின் மெயிலில், மன்றத்தின் காசில் இருக்க வேண்டும் என்றேன். நோட்டு கதையைச் சொன்னதும் உடனே ஒத்துக்கொண்டார். மாதம் ஒரு முறை தளத்தின் முழுக் காப்பி எங்கள் கைக்கு வர வேண்டும் என்றேன். "அது ஒரு ஸ்கிரிப்ட்டுமா, அஞ்சு நிமிஷ வேலை." அவர் கொடுக்கும் சர்வர் இடத்துக்கு ஒரு மதிப்புப் போட்டு, வருஷா வருஷம் பொருளாக வந்த நன்கொடை என்று கணக்கில் எழுதப்போகிறோம், அதற்கு ரசீது கொடுப்போம் என்றேன். சிரித்துவிட்டார். "காசே வாங்கல, ரசீது எதுக்கு? உன் ஆபீஸ் புத்தி போகாது உனக்கு."

நாலாவது, அந்த சர்வருக்குள் போக மன்றத்தில் இன்னும் ஒருவருக்காவது வழி வேண்டும் என்பது. சிரிப்பு நின்றுவிட்டது. "எது, ரூட் பாஸ்வேர்டா? அதே மெஷின்ல என் கிளையன்ட்ஸ் சைட்டு ஓடுது. ஒரு கிளினிக் இருக்கு, ஒரு டிராவல்ஸ் இருக்கு. அதை எப்படிம்மா ஒரு காலேஜ் பையன் கையில குடுக்கறது?" கொடுக்கக் கூடாது. அவர் கொடுத்திருந்தால்தான் நான் பயந்திருப்பேன். நம் கோப்புகளை மட்டும் தொடுகிற மாதிரி ஒரு தனிக் கணக்கு தருகிறேன் என்றார், அதுவும் நியாயமான யோசனைதான். ஆனால் சர்வரே நின்றுபோனால் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

"என்னைக் கூப்புடு."

"நீங்க எடுக்கலைன்னா?"

"எடுப்பேன். எப்ப எடுக்காம இருந்திருக்கேன்?"

எடுப்பார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பார். நாங்கள்தான் கூப்பிட மாட்டோம். அந்த வருஷம் பத்தாம் வகுப்புத் தேர்வு சமயத்தில், மாதிரி வினாத்தாள் எல்லாம் ஏற்றி வைத்திருந்த நேரத்தில், தளம் சில நாள் திறக்கவில்லை. மன்றத்தில் நாலைந்து பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. "அண்ணன் பிஸியா இருப்பார்", "இனாமா செய்றவரை எப்படித் தொந்தரவு பண்றது", "வேற யாராவது சொல்லியிருப்பாங்க". அவரும் வேறு வேலையில் இருந்ததால் கவனிக்கவில்லை. காசு கொடுத்து வாங்கியிருந்தால் இதே பையன்கள் சாட் பெட்டியில் போய், எந்த ஊரில் எவன் உட்கார்ந்திருக்கிறானோ அவனை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பார்கள். கொரியர்காரரிடம் சண்டை போடுகிறவர்கள், கேஸ் ஏஜென்சியில் சண்டை போடுகிறவர்கள். அண்ணனிடம் மட்டும் வாய் வராது. இதை அவரிடம் சொன்னேன். தளம் நின்றது அவருக்கு அப்போதுதான் தெரியும். முகம் சுருங்கிவிட்டது.

"அப்ப என் மேல நம்பிக்கை இல்லன்ற."

அப்படி இல்லைண்ணா என்று ஆரம்பித்தேன். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது: "அவன் என்ன காசா கேட்டான்?" அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. டீயைக் குடித்து முடித்து, வேணாம்ணா, சர்வர் மட்டும் வேணாம், மத்ததுக்கெல்லாம் நீங்க வேணும் என்று சொல்லிவிட்டு வந்தேன். "மத்ததுன்னா என்ன?" என்று கேட்டார். அதற்கும் அப்போது எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

இன்னொரு ஓசி

இத்தனைக்கும் பிறகு நாங்கள் போய்ச் சேர்ந்த இடமும் இலவசம்தான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கிட்ஹப் பேஜஸ், அதாவது மென்பொருள்காரர்கள் கோடு சேமித்து வைக்கும் கிட்ஹப், தளம் வைக்க இலவசமாகக் கொடுக்கும் இடம். கம்பெனிக்காரன் கொடுக்கிற இனாமை ஏற்றுக்கொண்டாய், சொந்த அண்ணன் கொடுத்ததை மறுத்தாய் என்று பொருளாளரே கேட்டார். கம்பெனி இனாமுக்கும் பல் உண்டு, பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். தமிழில் ஆரம்பத்தில் இணையத்தில் எழுதியவர்கள் பலர் ஜியோசிட்டீஸில் குடியிருந்தார்கள், 2009-இல் யாஹூ அதை இழுத்து மூடியது. கூகுள் பிளஸ் 2019-இல் போனது, அதில் நடந்த அரட்டை, சண்டை, கவிதை எல்லாம் அதோடு போயின. கிட்ஹப்பும் ஒருநாள் போகலாம், இல்லை நாளைக்கே காசு கேட்கலாம். அப்போது நாங்கள் என்ன செய்வோம் என்பதுதான் நான் கேட்ட கேள்வி. டொமைன் எங்களுடையது. தளத்தின் கோப்புகள் மொத்தமும் எங்கள் பெண்டிரைவில் இருக்கின்றன. ஒரு சாயந்திரத்தில் மூட்டை கட்டி வேறு இடத்துக்குப் போய்விடலாம், அப்படிப் போனால் கிட்ஹப்பின் முதலாளியான மைக்ரோசாஃப்ட் வருத்தப்படாது. அண்ணன் சர்வரிலிருந்து அப்படி ஒரு சாயந்திரத்தில் கிளம்பிவிட முடியுமா? கோப்பு கிளம்பிவிடும், நாம் கிளம்ப முடியாது.

அங்கே வேர்ட்பிரஸ் ஓடாது. சும்மா எழுதி வைத்த பக்கங்கள் மட்டும்தான். பையன்களுக்கு முதலில் ஏமாற்றம். ஆனால் வேர்ட்பிரஸ் என்றால் அதையும் அதன் பிளக்-இன்களையும் யாராவது விடாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் அந்த ஓட்டை வழியாக எவனாவது நுழைவான். எங்கள் மன்றத்தில் செமஸ்டர் பரீட்சை வந்தால் டியூஷனுக்கே ஆள் கிடைக்காது. ஆறு மாதம் யாரும் தொடாவிட்டாலும் கெட்டுப்போகாத ஒன்றுதான் எங்களுக்குத் தோது. தளம் ஒரு ஜிபிக்குள் இருக்க வேண்டும், மாதப் போக்குவரத்து 100 ஜிபி வரை என்று அங்கே வரம்பு உண்டு, எங்களுக்கு அது தாராளம். இலவசத் திட்டத்தில் எழுதும் கோப்புகள் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. ரத்ததானம் செய்பவர்களின் போன் நம்பர் பட்டியலைத் தெரியாமல் ஏற்றிவிட்டு அழித்தாலும், பழைய மாற்றங்களின் வரலாற்றில் அது அப்படியே கிடக்கும். அதனால் யாருடைய நம்பரும் தளத்துக்குள் வரக் கூடாது என்று முதல் நாளே தீர்மானம் போட்டோம். டியூஷன் சேர்க்கைக்கு ஆன்லைன் படிவம் வைக்கலாம் என்ற யோசனையும் அதோடு போனது. 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் குழந்தைகள், அவர்கள் விவரத்தை வாங்கப் பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்க்கும் விதத்தில் பெற வேண்டும். எங்களுக்குத் தாள் படிவமும், அம்மாவின் கையெழுத்தும், பூட்டு போட்ட பீரோவும் போதும்.

சர்வர் சென்னையிலேயே இருக்க வேண்டும் என்று ஒரு தம்பி பிடிவாதம் பிடித்தான். கடலடிக் கேபிள் கரையேறும் ஊர் நம்முடையது, சிங்கப்பூருக்கு இங்கிருந்து நேரடியாகவே கேபிள் போகிறது, இந்தச் சின்னத் தளத்துக்கு அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை என்று அவனுக்குப் புரியவைக்கப் பேச்சு போதவில்லை. வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடிக்குக் கூட்டிப் போய், டியூஷன் பிள்ளை ஒருத்தியின் அம்மா போனில் திறந்து காட்டினேன். ஒரு கோடு சிக்னல், கண்ணாடி விரிசல் விட்ட போன். டியூஷன் நேரம் சட்டென்று வந்தது. பொங்கல் கோலப்போட்டிப் படம் மட்டும் மேலிருந்து இஞ்ச் இஞ்சாக இறங்கியது, பாதிக் கோலத்தில் நின்றது. போனில் எடுத்த நாலு எம்பி படத்தை அப்படியே ஏற்றியிருந்தான். அன்றைக்கே உட்கார்ந்து எல்லாப் படத்தையும் இருநூறு கேபிக்குள் கொண்டுவந்தான். சர்வர் எந்த ஊர் என்ற பேச்சு அதன் பிறகு வரவில்லை.

சாவி விஷயத்தையும் பேசி முடித்தோம். கிட்ஹப்பில் மன்றத்தின் பெயரில் ஒரு அமைப்புக் கணக்கு, அதற்கு மூன்று உரிமையாளர்கள், மூவரும் ஒரே வயதினராக இருக்கக் கூடாது என்று ஒரு விதி. ஓ.டி.பி. எவருடைய சிம்முக்கும் போகாதபடி செயலி வழியாக. போன் தொலைந்தால் உள்ளே போக உதவும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சடித்து, சங்கப் பதிவுச் சான்றிதழ் இருக்கும் அதே பச்சை ஃபைலில் வைத்தோம். டொமைனை ஐந்து வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினோம், பத்து வருஷம் வரை கட்ட முடியும். உரிமையாளர் என்ற இடத்தில் சங்கத்தின் பெயர் இருக்கிறதா என்று ரசீதை வைத்துக்கொண்டு நானே சரிபார்த்தேன். பொருளாளர் தன் யு.பி.ஐ.யில் கட்டினார், அந்த வாரமே செக் எழுதி அவருக்குக் கொடுத்துவிட்டோம்.

பழைய தளத்தின் சமாச்சாரங்களை அண்ணனிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. ஒரே வரியில் பதில் அனுப்பி, கூடவே ஒரு கோப்பும் அனுப்பினார். பையன் திறந்தபோது ஒரு எழுத்து தமிழில் இல்லை. தொப்பி வைத்த, புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக ஓடியது. 2015 வெள்ளத்தில் யார் யார் எந்த மாடியில் இருந்தார்கள் என்ற பட்டியல் முழுக்க அப்படி. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யுனிகோடின் யு.டி.எஃப்-8 முறையில் மூன்று பைட்டாகச் சேமிக்கப்படுகிறது, பழைய தரவுத்தளம் அதை மூன்று தனித்தனி ஐரோப்பிய எழுத்துகளாக எடுத்துக்கொண்டிருக்கிறது. பையனுக்குச் சரிசெய்யத் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் நான் அண்ணனுக்குப் போன் போட்டேன். தயங்கித் தயங்கித்தான். எடுத்தார். அரை மணி நேரத்தில் சரியான கோப்பு வந்தது. நன்றிண்ணா என்று எழுதினேன். நீலக் கோடு விழுந்தது, பதில் வரவில்லை.

மத்ததுன்னா என்ன

அவர் கேட்ட அந்தக் கேள்விதான் உறுத்தலுக்குக் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. மேடவாக்கத்தில் குடியிருந்துகொண்டு, மூன்று மணி நேரம் டிராஃபிக்கில் கரைந்துகொண்டு, அவர் டியூஷன் எடுக்க வர முடியாது. முகாமுக்கு வந்து நிற்க முடியாது. மன்றத்தில் இன்னும் நானும் இருக்கிறேன் என்று சொல்ல அவரிடம் மிச்சம் இருந்தது அந்த சர்வர் மூலை ஒன்றுதான். அதைத்தான் வேண்டாம் என்றேன். மாதம் ஒரு ஞாயிறு வந்து பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுங்கள் என்று பிறகு கேட்டோம், நேரமில்லை என்றார். உண்மையிலேயே நேரமில்லைதான். நேரம் இல்லாதவர் கொடுக்கக்கூடியதாக ஒன்று இருந்தது, அதை எங்கள் வசதிக்காக எடுத்துவிட்டோம். டொமைன் மன்றத்திடம் இருக்கட்டும், காப்பி எங்களிடம் இருக்கட்டும், சர்வர் மட்டும் அவருடையதாக இருக்கட்டும் என்று விட்டிருக்கலாமே என்று செயலாளர் இப்போதும் சொல்கிறார். தளம் நின்றால் யார் போன் போடுவது என்று நான் திருப்பிக் கேட்பேன். அவர் பதில் சொல்ல மாட்டார், ஒத்துக்கொள்ளவும் மாட்டார்.

இந்த வருஷப் பொதுக்குழுவுக்கு அண்ணன் வந்திருந்தார். ரொம்ப வருஷம் கழித்து. கணக்கு வாசித்து முடித்ததும் எழுந்து, டொமைனை ஐந்து வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டியது எதற்கு, அந்தப் பணத்தில் டியூஷனுக்கு இன்னொரு ஃபேன் போட்டிருக்கலாம், இரண்டு வருஷம் கட்டினால் போதாதா என்றார். பொருளாளர் எழுந்து பதில் சொன்னார். அண்ணன் விடவில்லை. மன்றத்துக்குத் தனி மெயில் வேண்டும், எத்தனை நாள் ஜிமெயிலில் ஓட்டுவீர்கள் என்றார். கூகுளின் தொண்டு நிறுவனத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று ஒரு தங்கை சொன்னாள், அதுவும் ஓசிதானே, உங்க அக்கா ஒத்துக்க மாட்டாங்களே என்று என்னைப் பார்க்காமலே சொன்னார். கூட்டம் சிரித்தது. மெயில் விஷயத்தைப் பார்க்க மூன்று பேர் கொண்ட குழு போடலாம் என்று முடிவானது. அதில் அவர் பெயரையும் எழுதச் சொன்னேன். எழுதினார்கள். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. குழுவின் முதல் கூட்டம் அடுத்த மாதம்.